கோட்ஷேர் டிக்கெட், பார்ட்னர் ஏர்லைன் ஆட்டம் காணுது... கேன்சல் பண்ணிடலாமா, விட்டுப் பாக்கலாமா?

பிடிஎம்_செந்தில்
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பிடிஎம் லேஅவுட்ல இருக்கேன். தங்கச்சிக்கு ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல பிரசவம், அப்பாவும் அம்மாவும் அடுத்த மாசம் கிளம்பறாங்க. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பெங்களூர்ல இருந்து ஐரோப்பால ஒரு ஹப் (ஃப்ளைட் மாறற பெரிய ஏர்போர்ட்) வரைக்கும் பெரிய ஏர்லைன், அவங்க விமானமேதான், அதுல பிரச்சினை இல்ல. அங்க இருந்து கோத்தன்பர்க் போற ரெண்டாவது ஃப்ளைட்டுக்கும் டிக்கெட்ல பெரிய ஏர்லைன் நம்பர்தான் இருக்கு, ஆனா கீழ பொடி எழுத்துல 'ஆபரேட்டட் பை'ன்னு வேற ஒரு சின்ன கம்பெனி பேரு, இதத்தான் கோட்ஷேர்ங்கறாங்க. அந்த சின்ன கம்பெனிதான் இப்ப நியூஸ்ல அடிபடுது, லீசுக்கு குடுத்தவங்க விமானத்த திருப்பி எடுத்துக்கிட்டு போறாங்க, பைலட்டுங்களுக்கு சம்பளம் பாக்கி, அது இதுன்னு. கம்பெனி பேரு இங்க வேணாம், இன்னும் பறந்துக்கிட்டுதான் இருக்காங்க.

இப்ப கேன்சல் பண்ணா ஆளுக்கு 18 ஆயிரம் போயிடும். பண்ணாம விட்டு அவன் நடுவுல படுத்துட்டா அம்மாவும் அப்பாவும் பாஷை தெரியாத ஊர்ல ஏர்போர்ட்ல நிப்பாங்க. திரும்பி வர்ற டிக்கெட்டும் இதே ரூட்தான். என்ன பண்றது?

ஒயிட்ஃபீல்ட்_வாசு
யோசிக்கவே யோசிக்காதீங்க ப்ரோ, கேன்சல் பண்ணிட்டு ஒரே கம்பெனி விமானத்துல முழுசா போற மாதிரி புக் பண்ணுங்க. 18 ஆயிரம் போனா மயிரே போச்சு. எனக்கு இதே மாதிரி ஐரோப்பால ஒருக்கா ஆச்சு, பேரு சொல்ல விரும்பல, ரெண்டாவது ஃப்ளைட் போர்டுல கேன்சல்னு வந்துச்சு, கவுன்டர்ல ஒரு ஜீவன் இல்ல, இவன கேட்டா அவன்ங்கறான் அவன கேட்டா இவன்ங்கறான். கடுப்புல ட்ரெய்ன் டிக்கெட் எடுத்து போய்ச் சேர்ந்தேன். திரும்பி வரும்போது என்னாச்சு தெரியுமா, ரிட்டர்ன் டிக்கெட்டே செல்லாதுன்னுட்டாங்க, 'நோ-ஷோ'வாம். நான் நோ-ஷோவா? ஃப்ளைட்டுல்ல நோ-ஷோ!

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
செந்தில் தம்பி, அவசரப்பட்டு கேன்சல் பட்டன்ல கை வைக்காதீங்க. முதல்ல ஒண்ணு பாத்து சொல்லுங்க. இ-டிக்கெட்ல 13 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், ஆறு எழுத்து பி.என்.ஆர் இல்ல, 'டிக்கெட் நம்பர்'னு தனியா போட்டிருக்கும். அதோட முதல் மூணு இலக்கம் என்ன? 098னா ஏர் இந்தியா, 176னா எமிரேட்ஸ், 220 லுஃப்தான்சா, 074 கேஎல்எம், 618 சிங்கப்பூர், இப்படி ஒவ்வொரு ஏர்லைனுக்கும் ஒரு கோடு உண்டு. விமானத்து வால்ல யார் படம் போட்டிருக்குன்னோ ஃப்ளைட் நம்பருக்கு முன்னாடி எந்த ரெண்டெழுத்து இருக்குன்னோ பாத்துட்டு பயப்படறதும் தைரியப்படறதும் பிரயோஜனமில்ல. உங்க பணம் யார் பெட்டில இருக்குங்கறத அந்த மூணு இலக்கம்தான் சொல்லும்.

ரெசிடென்சி ரோட்டுல ஒரு ஏஜென்சில டிக்கெட்டிங் டெஸ்க்லயே தலை நரைச்சவன் நான், சும்மா சொல்லல.

பிடிஎம்_செந்தில்
சார் இப்பதான் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே இருக்கு, பெரிய ஏர்லைன் கோடுதான். ரெண்டு டிக்கெட்லயும் அப்படித்தான், ஒவ்வொண்ணுலயும் போறது வர்றது நாலு ஃப்ளைட்டும் ஒரே நம்பர்ல. ஆன்லைன் ஏஜென்ட் கிட்ட வாங்கினது, கிரெடிட் கார்டு.

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
அப்ப நிம்மதியா தூங்கலாம். முழு நிம்மதி இல்ல, முக்கால்வாசி.

விஷயம் இதுதான். நீங்க கட்டின காசு ஏஜென்ட் வழியா டிக்கெட் போட்ட ஏர்லைனுக்கு போகுது. எங்க பாஷைல 'வேலிடேட்டிங் கேரியர்'. அந்த சின்ன கம்பெனிக்கு இதுவரைக்கும் உங்க டிக்கெட்ல இருந்து பொதுவா காலணா போயிருக்காது. அப்பா அம்மா அவன் விமானத்துல ஏறி இறங்கி, அந்தக் கூப்பன் (டிக்கெட்ல ஒரு ஃப்ளைட்டுக்கு ஒரு கூப்பன்) 'ஃப்ளோன்', அதாவது பறந்தாச்சுன்னு ஆனப்புறம்தான் அவன் பில்லு போட்டு அயாட்டா (ஏர்லைனுங்க சங்கம்) க்ளியரிங் ஹவுஸ், அதாவது ஏர்லைனுங்க தங்களுக்குள்ள கணக்கு தீத்துக்கற இடம், மூலமா பெரியவன் கிட்ட வாங்கிப்பான். சில ஒப்பந்தத்துல 'ப்ளாக் ஸ்பேஸ்'னு சீட்ட மொத்தமா முன்கூட்டியே எடுத்து வச்சிருப்பாங்க, அது அவங்க ரெண்டு பேர் கணக்கு, பயணிக்கு சம்பந்தமில்ல. ஆக சின்னவன் படுத்தா, உங்கள கோத்தன்பர்க் கொண்டு சேக்கற பொறுப்பும் பணமும் பெரியவன் கிட்டதான் இருக்கு. வேற ஃப்ளைட்ல போடணும், இல்ல முழுப் பணம் திருப்பணும்.

நீங்களா இன்னிக்கு கேன்சல் பண்ணா அது உங்க விருப்பத்துல பண்ணது, 18 ஆயிரம் அபராதம். அவங்க ஃப்ளைட்ட எடுத்துட்டாங்கன்னா அபராதம் பூஜ்யம். அதே டிக்கெட்தான், யார் முதல்ல கைய வைக்கறாங்கங்கறதுதான் வித்தியாசம்.

வாசு, உங்க கதைல நடந்தது என்னன்னா, டிக்கெட்ல கூப்பன் வரிசையா யூஸ் ஆகணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ரெண்டாவது கூப்பன ஏர்லைன் கையால 'கேன்சல்'னு மாத்தி விடாம நீங்க ட்ரெய்ன்ல ஏறிட்டா சிஸ்டத்துல நீங்கதான் வராத ஆளு, மீதி ரெண்டும் தானா செத்துடும். ட்ரெய்ன்ல போகலாம், தப்பில்ல, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கெட் போட்ட ஏர்லைனுக்கு போன் போட்டு 'இந்த செக்டார் நாங்க போகல, உங்க பக்கத்து கேன்சலேஷன், ரிட்டர்ன காப்பாத்தி வைங்க'ன்னு சொல்லி மெயில் வாங்கிக்கணும். நடுராத்திரி வேற ஊர் ஏர்போர்ட்ல இது யாருக்கு தோணும், உங்கள சொல்லி குத்தமில்ல.

ஒயிட்ஃபீல்ட்_வாசு
இத எந்த நாதாரியும் அன்னிக்கு சொல்லல சார். கவுன்டர்ல தோள குலுக்கினாங்க அவ்ளோதான்.

மைல்ஸ்_மணி
அந்த சின்ன கம்பெனி எதாவது அலையன்ஸ்ல, அதான் ஏர்லைனுங்க சேந்து வச்சிருக்கற கூட்டணில, இருக்கானா? ஸ்டார், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம்? இருந்தா பயமே வேணாம், மத்த மெம்பர்ங்க தாங்கிப் பிடிச்சிடுவாங்க.

எச்எஸ்ஆர்_கௌதம்
மணி மச்சா, அலையன்ஸ் தாங்கிப் பிடிக்கும்னு யார் சொன்னா? மெக்சிகானா 2010 ஆகஸ்ட்ல நின்னுச்சு, ஒன்வேர்ல்ட் மெம்பர். ஹங்கேரி மாலெவ் 2012 பிப்ரவரில நின்னுச்சு, அதுவும் ஒன்வேர்ல்ட். அதுக்கு சரியா ஒரு வாரம் முன்னாடி ஸ்பானேர், அது ஸ்டார். ஏர்பெர்லின் 2017, மறுபடி ஒன்வேர்ல்ட், அதுல அபுதாபிக்காரன் எத்திஹாட் 29 சதவீதத்துக்கு மேல பங்கு வேற வச்சிருந்தான். நம்ம ஜெட் ஏர்வேஸ்ல 24 சதவீதம், இத்தாலி அலிட்டாலியால 49. எத்திஹாட் பங்கு வாங்கின லிஸ்ட்ட பாத்தா ஜோசியக்காரன் கூட பயந்துடுவான். பங்கு வச்சிருக்கறவனே கைய விரிச்சான், லோகோ மட்டும் ஷேர் பண்றவன் எதுக்கு காசு போடுவான்?

அலையன்ஸால ஒரு பிரயோஜனம் உண்டு, சரக்கு தீந்து போன கம்பெனியோட பயணிங்களுக்கு மத்த மெம்பருங்க சில சமயம் குறைஞ்ச ரேட்ல சீட் குடுப்பாங்க. அது அவங்களா பாத்து செய்யறது, உங்க உரிமை இல்ல.

அல்சூர்_அண்ணாச்சி
ஒன்வேர்ல்ட்னு சொன்னதும் நம்ம ஊரு கிங்ஃபிஷர் ஞாபகம் வருதுய்யா. 2012 பிப்ரவரில ஒன்வேர்ல்ட்ல சேர வேண்டியது, தேதி எல்லாம் குறிச்சாச்சு, கடைசி நேரத்துல 'அப்புறம் பாக்கலாம்'னு தள்ளி வச்சுட்டாங்க. அதே மாசம் அயாட்டாக்காரன் க்ளியரிங் ஹவுஸ்ல இருந்து தூக்கினான், அடுத்த மாசம் ஏஜென்ட்டுங்கள டிக்கெட் விக்காதேன்னான், அக்டோபர்ல டிஜிசிஏ, விமானத் துறைய கண்காணிக்கற அரசு அமைப்பு, லைசென்ச சஸ்பெண்ட் பண்ணிட்டான். பெங்களூர்ல இருந்து லண்டனுக்கு 2008ல நேரா ஃப்ளைட் விட்ட கம்பெனி. சிவப்பு சட்டை போட்ட புள்ளைங்க, ஏறினதும் கைல ஒரு பேனா, ஹெட்போன்... என்ன மரியாதை என்ன மரியாதை. அந்த பேனா இன்னும் வீட்டுல கிடக்கு, எழுதறதுதான் இல்ல.

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு கவனிக்கணும். க்ளியரிங் ஹவுஸ்ல இருந்து தூக்கினதுன்னாரே, அதுதான் எங்களுக்கெல்லாம் சாவு மணி. அதுக்கப்புறம் மத்த ஏர்லைன் எவனும் அந்தக் கம்பெனி டிக்கெட்ட நம்பி பயணிய ஏத்த மாட்டான், ஏத்தினா பணம் வராதே. பேப்பர்ல 'முதலீட்டாளர் வர்றார்', 'பேச்சுவார்த்தை'ன்னு வர்ற செய்திய விட, கூட்டாளிங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. அந்த ஃப்ளைட்ல இருந்து தங்க ஃப்ளைட் நம்பர் கோட எடுக்கறாங்களா, இன்டர்லைன் ஒப்பந்தத்த (ஒருத்தர் டிக்கெட்ட இன்னொருத்தர் ஏத்துக்கறது) நிறுத்தறாங்களா, எண்ணெய் கம்பெனி கடனுக்கு எரிபொருள் குடுக்க மாட்டேங்கறானா. ஜெட்டுக்கு 2019 ஏப்ரல்ல இந்தியன் ஆயில் எரிபொருள நிறுத்தினான், ஆம்ஸ்டர்டாம்ல ஒரு 777 விமானத்த பாக்கிக்காக பிடிச்சு வச்சுட்டாங்க, ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸ்ல இருந்து மும்பை வந்ததோட கடை மூடியாச்சு. அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல லீசுக்காரங்க விமானத்த ஒண்ணொண்ணா நிறுத்தி வச்சாங்க. திடீர்னு எதுவும் நடக்கல.

கோரமங்களா_ஷங்கர்
சார் நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு செந்திலோட கேஸ் அப்படியே தலைகீழ். நானும் அதே ரூட்தான்னு நினைக்கிறேன், நானும் பேர் சொல்லல. ஒய்ஃப் போறா. பெங்களூர்ல இருந்து ஹப் வரைக்கும் பெரிய ஏர்லைன் விமானம், ஆனா நான் டிக்கெட் வாங்கினது அந்த சின்ன கம்பெனியோட ஆப்ல, ஏன்னா அங்க ஒன்பதாயிரம் கம்மி. ஃப்ளைட் நம்பர் எல்லாம் சின்னவனோடது, விமானம் மட்டும் பெரியவனோடது. பெரிய ஏர்லைன் விமானம்தானே, அது எங்க போயிடும்னு நானும் ஜாலியா இருந்தேன். இந்த இழைய படிச்சதும் வயித்த கலக்குது. டிக்கெட் நம்பர் பெரியவனோட கோடு இல்ல.

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
ஷங்கர், உங்களுதுதான் ஆபத்தான கேஸ். செந்திலுக்கு ஒரு மணி நேர ஃப்ளைட்தான் சிக்கல், உங்களுக்கு பத்து மணி நேர ஃப்ளைட்டும் சேத்து சிக்கல்.

காசு சின்னவன் பெட்டில இருக்கு. அவன் படுத்தா பெரியவனுக்கு அந்த டிக்கெட் வெறும் காகிதம், ஏன்னா ஏத்தினாலும் யார் கிட்ட போய் பில்லு போடுவான்? சில சமயம் பேரு கெடக்கூடாதுன்னு ஏத்திப்பாங்க, சில சமயம் கவுன்டர்லயே புது டிக்கெட் வாங்குன்னுடுவாங்க. அந்த நேரத்து ரேட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பயணி வாதாடலாம், விமானம் அங்கதான் நிக்குது, சீட்டும் காலியாத்தான் இருக்குன்னு. ஆனா டிக்கெட்ங்கறது யாரோ ஒருத்தர் எழுதிக் குடுத்த செக் மாதிரி, எழுதினவன் அக்கவுன்ட்ல காசு இல்லன்னா பேங்க்ல ஏசி நல்லா ஓடி என்ன பிரயோஜனம்.

பெரியவனுக்கு போன் போட்டு பிரயோஜனமில்ல, அவனால உங்க டிக்கெட்ட தொட முடியாது. சின்னவன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்ல, அவன் கிட்ட இப்பவே ரீஃபண்டுக்கு போடுங்க. அபராதம் போனாலும் பரவால்ல. செந்திலுக்கு நான் காத்திருங்கன்னேன், உங்களுக்கு அதே வாயால காத்திருக்காதீங்கன்னு சொல்றேன். வவுச்சர், க்ரெடிட் ஷெல் (காசுக்கு பதிலா அவன் கிட்டயே அடுத்த டிக்கெட்டுக்கு வரவு)னு ஆசை காட்டுவான், 10 சதவீதம் போனஸ் தரேன்பான், வாங்கவே வாங்காதீங்க. காசா கேளுங்க.

ஜெயநகர்_வக்கீலம்மா
ரிட்டயர்டு சார் சொன்னதோட சட்டப் பக்கத்தையும் கொஞ்சம் சேக்கறேன்.

ஷங்கர், கார்டுல கட்டியிருந்தா உங்களுக்கு கைல இருக்கற பலமான ஆயுதம் சார்ஜ்பேக். சேவை கிடைக்கலன்னு பேங்க்ல தகராறு எழுப்பணும். விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் பொதுவா 120 நாள் கெடு, அது பணம் கட்டின நாள்ல இருந்து இல்ல, பயணம் நடந்திருக்க வேண்டிய நாள்ல இருந்து கணக்கு. கஸ்டமர் கேர்ல இருக்கறவங்க 'டிரான்சாக்ஷன் ஆகி நாலு மாசம் ஆச்சு, முடியாது'ன்னு தட்டிக் கழிப்பாங்க, விடாதீங்க, எழுத்துல கேளுங்க. ஏர்லைன் கேன்சல் பண்ண மெயில், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேத்து வைங்க. ஆனா நீங்களா கேன்சல் பண்ணிட்டு அவன் ரீஃபண்ட் தரலன்னா அது வேற வகை தகராறு, ரீஃபண்ட் ஒத்துக்கிட்ட மெயில் கைல இருக்கணும். யுபிஐல பேங்க் அக்கவுன்ட்ல இருந்து நேரா கட்டினவங்களுக்கு இந்த அளவு பாதுகாப்பு இல்ல, பெரிய டிக்கெட்டுக்கு யுபிஐ போடாதீங்கன்னு நான் தொண்டை வத்த சொல்லிக்கிட்டே இருக்கேன், கேஷ்பேக் 200 ரூபாய்க்கு எல்லாரும் அதையே போடறாங்க.

கம்பெனி போட்ட திவால் மனுவ ட்ரிப்யூனல் ஏத்துக்கிட்டா கதை மாறிடும். நம்ம ஊர்ல ஐபிசி, அதாவது திவால் சட்டத்துல (தண்டனைச் சட்டம் இல்ல) 14வது பிரிவு, மொரட்டோரியம், அந்தக் கம்பெனி மேல புதுசா கேஸ் போட முடியாது, நடக்கற கேசும் நின்னுடும். கிளெய்ம் ஃபாரம் போட்டுட்டு வரிசைல நிக்கணும், வரிசைல முன்னாடி பேங்க்காரங்க. ஜெட்ட எடுத்துக்குங்க, 2019 ஜூன்ல என்சிஎல்டி, அதான் திவால் கேஸ் பாக்கற அந்த ட்ரிப்யூனலுக்கு போச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் கலைச்சுடுன்னு உத்தரவு போட்டுச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2ம் தேதி தானே போய் மனு போட்டான், 3ம் தேதில இருந்து ஃப்ளைட் இல்ல, முதல்ல ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் கேன்சல்னான், அப்புறம் தள்ளித் தள்ளி கடைசில விமானம் எழும்பவே இல்ல. ஜெர்மனிலயும் இதே கதைதான், ஏர்பெர்லின் 2017 ஆகஸ்ட் 15ல மனு போட்டான், அதுக்கு முன்னாடி டிக்கெட் வாங்கி, சேவை நின்னப்புறம் பறக்க வேண்டியவங்களுக்கு ரீஃபண்ட் கிடையாது, கிளெய்ம்தான்.

செந்தில், உங்களுக்கு நல்ல செய்தி. உங்க ஒப்பந்தம் பெரிய ஏர்லைனோட. அவன் திவால் இல்ல, அதனால மொரட்டோரியம் அவனுக்கு கவசம் ஆகாது. ஏஜென்ட் கிட்ட வாங்கியிருந்தாலும் ரீஃபண்ட் பொறுப்பு ஏர்லைனோடதுன்னு டிஜிசிஏ விதில தெளிவா இருக்கு. மான்ட்ரியல் ஒப்பந்தத்துல, இந்தியா 2009ல சேர்ந்தது, டிக்கெட் விக்கறவன் ஒருத்தன் பறக்கறவன் ஒருத்தனா இருந்தா தாமதம், லக்கேஜ் விஷயத்துல ரெண்டு பேர்ல யார் மேல வேணா போகலாம், அது பயணியோட இஷ்டம். கன்ஸ்யூமர் கோர்ட்டும் 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், பெங்களூர்லயே.

ஒண்ணுல மட்டும் கவனம். ஐரோப்பால 261னு ஒரு விதி இருக்கு, கேன்சலுக்கு 250ல இருந்து 600 யூரோ வரைக்கும் நஷ்டஈடு, ஹோட்டல், சாப்பாடு. அது விமானத்த ஓட்டறவன் மேலதான் விழும், டிக்கெட் வித்தவன் மேல இல்ல. ஓட்டறவன் திவாலாயிட்டா அந்த 600 யூரோவ ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம். அதனால அத நம்பி கணக்கு போடாதீங்க.

கோரமங்களா_ஷங்கர்
ரொம்ப நன்றி மேடம். கார்டுதான், நல்ல வேளை. ஆப்ல ரீஃபண்ட் பட்டன் சுத்திக்கிட்டே இருக்கு, மெயில்லயும் போட்டுட்டேன்.

விசா_விஜி
செந்தில் அண்ணா, யாரும் இத சொல்லல, அதான் எழுதறேன். ஏர்லைன் மாத்து ஃப்ளைட் குடுக்கும்போது அவங்க சாஃப்ட்வேர் எது காலியோ அத போட்டுடும், நம்ம பாஸ்போர்ட்ட பாக்காது. உங்க அப்பா அம்மாவுக்கு இருக்கறது ஷெங்கன் (ஒரே விசால போற ஐரோப்பிய நாடுங்க) டூரிஸ்ட் விசா தானே? அதுல லண்டன் ஹீத்ரோ வழியா மாத்தி விட்டா மாட்டிப்பாங்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்க ஏர்போர்ட்ட விட்டு வெளிய போகாம ஃப்ளைட் மாறவே டிரான்சிட் விசா வேணும். அமெரிக்கா, கனடா விசா இருந்தா விலக்கு உண்டு, சாதாரண ஷெங்கன் விசாவுக்கு இல்ல. பெங்களூர் செக்-இன்லயே நிறுத்திடுவாங்க. அதனால மாத்து ஃப்ளைட் ஷெங்கனுக்குள்ள இருக்கற ஹப் வழியா, இல்லன்னா வளைகுடா வழியா கேளுங்க.

அதோட இப்ப இருக்கற ஹப்பும் ஷெங்கன்ல இருந்தா ஒரு நிம்மதி, ரெண்டாவது ஃப்ளைட் போச்சுன்னா கூட வெளிய வந்து ஹோட்டல்ல தங்கலாம், விசா தடுக்காது.

எச்எஸ்ஆர்_கௌதம்
சூப்பர் பாயின்ட் விஜி. இன்னொண்ணு, கோபன்ஹேகன் வரைக்கும் மாத்தி குடுத்தாலும் ஒத்துக்கலாம். அங்க ஏர்போர்ட்டுக்குள்ளயே ரயில் ஸ்டேஷன், பாலத்த தாண்டி மால்மோ வழியா கோத்தன்பர்க் மூணரை மணி நேரம் போல. மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டு போயிடலாம்.

பிடிஎம்_செந்தில்
கோபன்ஹேகன் ஐடியா நல்லாருக்கு, மச்சான் கிட்ட சொல்றேன். ஒரே கவலை, காத்திருங்கன்னு சொல்றீங்க, சரி, ஆனா அவங்க பறந்துக்கிட்டு இருக்கும்போதே சின்னவன் படுத்தா? அம்மாவுக்கு தமிழும் கொஞ்சம் கன்னடமும்தான், அப்பா இங்கிலீஷ் சமாளிப்பாரு ஆனா வாக்குவாதம் வந்தா சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துடுவாரு.

ஒயிட்ஃபீல்ட்_வாசு
இதான் நானும் சொல்றேன். பணம் பத்திரம் சரி, ஆள்? சட்டம் தெரிஞ்ச நானே அங்க முழிச்சேன். பெரியவங்க. 18 ஆயிரத்த சுகரும் பிரஷரும் ஏறாம இருக்கறதுக்கு குடுத்த ஃபீசா நினைச்சுக்குங்க.

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
வாசு சொல்றதுல நியாயம் இருக்கு, மறுக்கல. ரெண்டு பேருக்கும் சேத்து 36 ஆயிரம், அதோட புது டிக்கெட் இப்ப என்ன ரேட்ல இருக்கோ அந்த வித்தியாசம் வேற. ஆனா கேன்சல் பண்றதுக்கும் சும்மா இருக்கறதுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. பெரிய ஏர்லைனுக்கு போன் போட்டு, ஏஜென்ட்டுக்கு இல்ல, 'ஆபரேட்டிங் பார்ட்னர் பத்தி செய்தி வருது, பயணிங்க வயசானவங்க, முதல் பயணம், வேற பார்ட்னர் ஃப்ளைட் இல்ல உங்க சொந்த ஃப்ளைட்டுக்கு கட்டணமில்லாம மாத்த முடியுமா'ன்னு கேளுங்க. முதல் ஆள் முடியாதும்பான். அவங்களுக்கு உள்ள 'பாலிசி' வந்திருக்கான்னு கேளுங்க, இந்த மாதிரி நேரத்துல ஏர்லைனுக்குள்ள ஒரு சுற்றறிக்கை ஓடும், அது வர்ற வரைக்கும் எவனும் தொட மாட்டான், வந்ததும் யார் கேட்டாலும் ஃப்ரீயா மாத்துவான். ஒரு வாரம் விட்டு மறுபடி கூப்பிடுங்க. கூப்பிடும்போது எந்த ஃப்ளைட் வேணும்னு நீங்களே நம்பரோட தேடி வச்சுக்கிட்டு சொல்லுங்க, அவன தேடச் சொன்னா விஜி சொன்ன மாதிரி ஹீத்ரோல கொண்டு போய் விட்டுடுவான்.

பெட்டி கோத்தன்பர்க் வரைக்கும் டேக் போட்டிருப்பாங்க, நடுவுல ஃப்ளைட் போச்சுன்னா ஹப்லயே திருப்பி எடுக்க வேண்டி வரலாம். மாத்திரை, ஒரு செட் துணி கைப்பெட்டில.

மைல்ஸ்_மணி
அப்ப இன்ஷூரன்ஸ் எதுக்கு இருக்கு? ட்ராவல் இன்ஷூரன்ஸ் கவர் ஆகாதா?

ஜெயநகர்_வக்கீலம்மா
ஷெங்கனுக்கு எடுக்கற பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரி செலவுக்குதான். ஏர்லைன் திவாலாகறது பல பாலிசில விலக்கு பட்டியல்லயே இருக்கும், 'இன்சால்வென்சி'ன்னு தேடிப் பாருங்க. கவர் ஆகற பாலிசியா இருந்தாலும், செய்தி வெளில வந்தப்புறம் வாங்கினா 'தெரிஞ்ச விஷயம்'னு தள்ளிடுவாங்க.

ராஜாஜிநகர்_புதுசு
எல்லாரும் முதல் மூணு இலக்கம்ங்கறீங்க, என் டிக்கெட் 169னு ஆரம்பிக்குது. நான் போற ரெண்டு ஏர்லைனும் அது இல்ல. ஏஜென்ட் ஏமாத்திட்டானா?

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
ஏமாத்தல. 169 ஹான் ஏர், ஜெர்மனிக்காரன். நேரா இந்தியால டிக்கெட் போட வசதியில்லாத நூத்துக்கணக்கான ஏர்லைனுக்கு அவன் தன் டிக்கெட் ஸ்டாக்ல போட்டுக் குடுக்கறான். பறக்கற ஏர்லைன் திவாலானா பயணிக்கு காப்பீடு உண்டுன்னு அவனே சொல்லித்தான் விக்கறான், ஏஜென்ட் கிட்ட அந்த பேப்பர கேட்டு வாங்கி வச்சுக்குங்க. ஒரு விதத்துல இங்க இருக்கறவங்கள்ல நீங்க நல்ல இடத்துல இருக்கீங்க :)

பிடிஎம்_செந்தில்
அப்டேட். முதல் தடவை போன்ல முடியாதுன்னுட்டாங்க. நேத்து அவங்களே மெயில் அனுப்பினாங்க, 'ஷெட்யூல் சேஞ்ச்'னு. அந்த சின்ன கம்பெனி ஃப்ளைட்ல இருந்து தங்களோட கோட எடுத்துட்டாங்களாம், காரணம் ஒரு வரி கூட இல்ல. பதிலுக்கு மறுநாள் காலைல ஒரு ஃப்ளைட் போட்டிருந்தாங்க, ராத்திரி முழுக்க ஏர்போர்ட்ல. நான் ஏத்துக்கல, ரிட்டயர்டு சார் சொன்ன மாதிரி நம்பரோட கூப்பிட்டு அதே நாள் சாயங்காலம் அவங்க சொந்த விமானத்துல கேட்டேன், ஹப்ல வெயிட்டிங் நாலு மணி நேரம். ஃபீஸ் இல்லாம மாத்திட்டாங்க. பி.என்.ஆர் போட்டுப் பாத்தா புது ஃப்ளைட் காட்டுது.

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
நல்லது தம்பி. ஆனா பி.என்.ஆர்ல காட்டினா போதாது. டிக்கெட் 'ரீ-இஷ்யூ' ஆச்சா? புது இ-டிக்கெட், புது 13 இலக்க நம்பரோட மெயில்ல வந்துச்சா? புக்கிங்க மட்டும் மாத்திட்டு டிக்கெட்ட மாத்தாம விட்டுடறது கால்சென்டர்ல சர்வ சாதாரணம், செக்-இன் கவுன்டர்லதான் தெரியும், சீட் இருக்கும் டிக்கெட் இருக்காது. அப்புறம் ரிட்டர்ன் பாத்தீங்களா? போறதுக்கு மட்டும் கோட எடுத்துட்டு மூணு மாசம் கழிச்சு வர்றத பழைய ஃப்ளைட்லயே விட்டிருப்பாங்க.

பிடிஎம்_செந்தில்
ஐயோ, ரெண்டுமே நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு சார். புது டிக்கெட் வரல, ரிட்டர்ன் இன்னும் சின்னவன் விமானத்துலதான் காட்டுது. மறுபடி ஹோல்ட் மியூசிக்...

கோரமங்களா_ஷங்கர்
எனக்கு ரீஃபண்ட் ஒத்துக்கிட்டதா மெயில் வந்துச்சு, 30 வேலை நாள்னு போட்டிருக்கான். காசு இன்னும் வரல. மெயில பிடிஎஃப் ஆக்கி வச்சுட்டேன், ஒய்ஃப்க்கு பெரியவன் கிட்டயே நேரா புது டிக்கெட் போட்டாச்சு, பன்னெண்டாயிரம் கூட. கெடு தாண்டினா வக்கீலம்மா சொன்னபடி பேங்க்ல தகராறு போட்டுடுவேன்.

பிடிஎம்_செந்தில்
ரெண்டு பேரோட புது டிக்கெட்டும் இப்ப மெயில்ல வந்துடுச்சு சார், புது நம்பரோட. ரிட்டர்ன இப்போதைக்கு மாத்த முடியாதாம், அந்த மாசத்துக்கு பாலிசி இன்னும் வரலையாம், 'வந்தா நாங்களே மெயில் பண்ணுவோம்'னாங்க. நம்பல, வாரா வாரம் கூப்பிடறேன்.

ரிட்டயர்டு_டிக்கெட்டிங்
திங்கக்கிழமை காலைல கூப்பிடாதீங்க, லைன் கிடைக்காது. புதன், மத்தியானம்.